காவிரிக் குடும்பமும் பெங்களூர்த் தெருக்களும்

அரசும் நீதிமன்றமும் தீர்த்து வைக்கட்டும் என்று காத்திராமல், பூசலால் பாதிக்கப்படும் இரு தரப்பாரும் தாமே நேருக்கு நேர் அமர்ந்து பேசும் முறையை மக்கள்வழிச் சமாதானம் எனலாம். காவிரிச் சிக்கலில் அம்முறை எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதை மதிப்பிட உரிய இடம் பெங்களூரே. நீர் பாய்வது வயலில் என்றாலும் இரத்தம் சிந்தியது இந்நகரத் தெருக்களில். தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) விட வேண்டுமென்ற நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் இங்கே தமிழர்கள் தாக்கப்பட்டனர், கூலித் தொழிலாளர் குடும்பங்கள் குடிசைகளை விட்டு ஓடின.

2003 ஏப்ரலில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால், பொருளியலாளர் எஸ். ஜனகராஜன் துணைநிற்க, தமிழக, கர்நாடக விவசாயிகள் கூடிப் பேசியதில் ‘காவிரிக் குடும்பம்’ உருவாயிற்று. நடுவர் மன்றம் கேட்டு 1983-இல் வழக்குத் தொடுத்த மன்னார்குடி எஸ். ரங்கநாதனே இதிலும் முன்னின்றார் என்பது, வழக்காடுவோரும் பேச முடியும் என்பதற்குச் சான்று. ஒருவர் பாசனப் பகுதியை மற்றவர் சென்று பார்த்தபோது சிக்கலின் உண்மையான முடிச்சு தெரிந்தது: ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால்தான் டெல்டாவில் குறுவை உண்டு, அதே வாரங்களில்தான் மண்டியா விவசாயியும் கன்னம்பாடி அணை நிரம்பக் காத்திருக்கிறார். எதிரி என்று எண்ணியவரும் வானம் பார்த்து நிற்பவரே என்ற இந்த அறிவை எந்தத் தீர்ப்பும் தந்ததில்லை; குடும்பத்தின் பெருமை அதுவே.

ஆனால் மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதற்கு அரசுகளைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு எதுவும் பிறக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, கலவரம் மூண்ட நகரத்துக்கு அதில் இடமில்லாமற் போனது. 2009-இல், பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையும் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டன. அது அரசுகள் செய்த சமாதானம், மதிக்கத்தக்கதே. எனினும் 2016 செப்டம்பர் 12 அன்று, நீர் திறப்பு ஆணையை அடுத்து, தமிழக நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் பணிமனையிலேயே டசன் கணக்கில் எரிந்தபோது, அவற்றைக் காக்க உழவர் உறவும் உதவவில்லை, சிலைகளும் உதவவில்லை.

தெருவைக் காப்பது தெருவில் உள்ளவர்களால்தான் முடியும். 2020 ஆகஸ்டில் இந்நகரின் தேவரஜீவனஹள்ளியில் மூண்ட சமயக் கலவரத்தின்போது, முஸ்லிம் இளைஞர்கள் கோயில் ஒன்றைச் சுற்றி மனிதச் சங்கிலியாக நின்று அதைக் காத்தனர். ஆனால் அன்றைய இரவின் துணிவை மட்டும் நம்பியிருக்க இயலாது. மகாராஷ்டிரத்தின் பிவண்டியில் காவல் அதிகாரி சுரேஷ் கோப்டே 1988 முதல் மொகல்லாக் குழுக்களை, அதாவது வட்டாரந்தோறும் இரு சமயத்தாரும் ஓயாமல் கூடும் அவைகளை, அமைத்திருந்ததால்தான் 1992-93-இல் பம்பாய் எரிந்தபோதும் அவ்வூர் அமைதியாக இருந்தது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192-இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்து, கர்நாடகத்துக்குக் கூடுதலாகத் தந்த 14.75-இல் 4.75 டி.எம்.சி.யைப் பெங்களூரின் தேவைக்கென ஒதுக்கியது. ஆக, இந்நகரமும் காவிரியில் நேரடிப் பங்காளி. காவிரிக் குடும்பம் மீண்டும் கூடுமானால், ஸ்ரீராமபுரத் தமிழரும் கன்னட அமைப்பினரும் லாரி ஓட்டுநரும் விவசாயிகளோடு அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதுவும் கோடை தொடங்கும் முன்பே.