விறகு எப்போது பயோமாஸ் ஆகிறது?

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்தை அங்கே நுளைமகள் ஒருத்தி விறகாக எரிக்கிறாள். உப்பு விற்கும் உமணரும் அதே பாட்டில் உண்டு. அந்த விறகு யாருடையது என்று புலவர் கேட்கவில்லை. கரை ஒதுங்கியது எடுத்தவளுக்கு, அவ்வளவுதான். இன்று அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். சூழல் அமைப்புகளின் பயோமாஸ் விவாதத்தில் அது மட்டும் காணாமல் போயிருக்கிறது என்பது என் வாதம்.

உலக அளவில் இந்த விவாதத்துக்கு ரெண்டு தரப்பு. வளரும்போது உறிஞ்சிய கரியமில வாயுவைத்தான் மரம் எரியும்போது திருப்பித் தருகிறது, ஆகவே கணக்கு நேர் என்பது ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 நெறிமுறை இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் இந்திய உயிர்த்திரள் மின்நிலையங்கள் கரிமக் கடன் பெற்றதும் இதை வைத்துத்தான். மறுதரப்பு இதை மோசடி என்கிறது. 2021 பிப்ரவரியில் 500 விஞ்ஞானிகளுக்கு மேல் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று உலகத் தலைவர்களுக்குப் போனது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மரம் நிலக்கரியைவிட அதிக வாயுவை விடுகிறது, வெட்டிய காடு திரும்பி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்றது அது. அமெரிக்கக் காட்டு மரத்தைக் குருணையாக்கிக் கப்பலேற்றி யார்க்‌ஷயரின் டிராக்ஸ் நிலையத்தில் எரிப்பதைப் பார்த்தவர்கள் இதை மறுக்க முடியாது. நானும் மறுக்கவில்லை. ஆனா ரெண்டு தரப்பும் வாயுவைப் பற்றியே பேசுகின்றன. விறகு பொறுக்கும் கையைப் பற்றி ரெண்டுமே பேசவில்லை.

பேசியவர்கள் இங்கே இருந்தார்கள். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் எழுதிய கட்டுரையில் பிழைப்புக்கான வாயுவையும் சொகுசுக்கான வாயுவையும் ஒரே தட்டில் வைக்காதே என்றார்கள். அரசியல் நிலைப்பாடு என்றால் அதுதான். அகர்வால் தொடங்கிய அதே தில்லி மையம் பின்னாளில் நிலக்கரி உலைகளில் வைக்கோல் குருணையைச் சேர்த்து எரிப்பதை ஆதரித்தது. பஞ்சாபில் வைக்கோல் வயலிலேயே எரிகிறது, ஆகவே அங்கே அதற்கு நியாயம் உண்டு. ஆனால் 2021இல் மத்திய அரசு விதித்த 5 சதவீதக் கலப்பு நாடு முழுமைக்குமானது. தமிழ்நாட்டில் வைக்கோல் மாட்டுத் தீவனம். பஞ்சாபில் 'கழிவு' என்று பெயர் பெற்ற பொருள் இங்கே இன்னொருத்தர் மாட்டின் சாப்பாடு.

இந்தப் பெயர் சூட்டலில்தான் அதிகாரம் வேலை செய்கிறது. சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். 1877 வாக்கில் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் வெள்ளை அரசின் வனத்துறை அதை நட்டது. விறகுக்கு என்று கொண்டாடப்பட்ட மரம் பிறகு 'களை' ஆனது. வைகோ தொடுத்த வழக்கில் அதை வேரோடு அகற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2017இல் இடைக்காலத் தடையும் வந்தது. அந்நிய மரம், தண்ணீர் குடிக்கும் மரம் என்று மேடைதோறும் முழங்கினோம். அதே மரம் தென்மாவட்டங்களில் மின்நிலையக் கொதிகலனுக்குப் போகும்போது 'புதுப்பிக்கத்தக்க எரிபொருள்'. இந்த ரெண்டு பெயருக்கும் நடுவில், அதை வெட்டிச் சோறு பொங்கியவளின் 'விறகு' என்ற சொல் அழிந்துபோகிறது.

மரக்காணத்துக்கு இதனால் என்ன? கழுவேலியைச் சுற்றி இந்த மரம் மண்டிக் கிடக்கிறது. 2021 டிசம்பரில் கழுவேலி பறவைகள் சரணாலயமானது, 5,000 ஹெக்டேருக்கு மேல். சரணாலயத்துக்குள் களையை அகற்றணும் என்பது சரி. அகற்றிய மரம் யாருக்குப் போகும் என்பதை யார் முடிவு செய்வது? உப்பளத்துக்கு விறகு வேண்டாம், உப்பை விளைவிப்பது வெயிலும் காற்றும். விறகு உப்பளத் தொழிலாளியின் அடுப்புக்கு வேண்டும். மழை மாதங்களில் உப்பு இல்லை, கூலியும் இல்லை. சிலிண்டர் தீர்ந்தால் மாற்று வாங்கக் காசு வேண்டாமா?

ஒரு கணக்கு. மரத்தை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஒன்றேகால் கிலோவாவது வேண்டும். வெப்பத்தில் ஐந்தில் நாலு பங்கு வீண். 10 மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழுக்க ஓட 300 டன். தலைச்சுமை 25 கிலோ என்று வைத்தால் 12,000 சுமை, தினமும். 2009 திருத்தத்தின்படி 15 மெகாவாட் வரையிலான உயிர்த்திரள் நிலையத்துக்கு மத்தியச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. அனுமதி இல்லை என்றால் மக்கள் கருத்துக்கேட்பும் இல்லை. அந்த 12,000 சுமையைப் பற்றி யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள்.

விறகடுப்பைப் புனிதமாக்குகிறேன் என்று தோழர்கள் சொல்லக்கூடும். இல்லை. அடுப்புப் புகை பெண்களின் நெஞ்சைத் தின்கிறது. எரிவாயு அவர்கள் உரிமை. ஆனால் வாங்க முடிகிற விலையில் எரிவாயு வருவதற்கு முன்னால் விறகு போய்விட்டால், அதற்குப் பெயர் முன்னேற்றம் இல்லை, பறிப்பு. வெட்டுக்கூலி கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறதுதான். ஆனால் நேற்றுவரை சும்மா எடுத்ததை இன்று வெட்டிக் கொடுத்துக் கூலி வாங்கி, அந்தக் காசில் வேறு எரிபொருள் வாங்கு என்கிற ஏற்பாட்டில் லாபம் யாருக்கு?

சூழல் அமைப்புகள் பயோமாஸை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். அதற்கு முன் ஊர்ப் பொதுநிலத்து விறகில் முதல் உரிமை யாருக்கு என்று அறிக்கையில் எழுதட்டும். களை அகற்றும் ஒப்பந்தம் போடும்போது ஊரார் அடுப்புக்கான பங்கை முதலில் ஒதுக்கச் சொல்லட்டும். மிச்சம் இருந்தால் கொதிகலன் பற்றிப் பேசுவோம்.