கத்தியின் கழுத்தில் ஒரு கோடு

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் பிளேட் ஷோ கண்காட்சிக்குக் கைவினைக் கத்தி வாங்க வருபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கத்தியைக் கையில் எடுத்ததும் அவர்கள் கூரைத் தடவிப் பார்ப்பதில்லை. கூர்ப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குறி பார்ப்பவர்போலக் கைப்பிடிக்குச் சற்று முன்னால் இருக்கும் இடத்தை உற்றுப் பார்க்கிறார்கள். அங்கே இடமும் வலமும் ஒத்திருந்தால் பேச்சு விலைக்குப் போகும். அரை மில்லிமீட்டர் முன்பின்னாக இருந்தாலும் கத்தி மேசைக்குத் திரும்பிவிடும்.

அவர்கள் தேடுவது பிளஞ்ச் லைன். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுப் பட்டையை இரு பக்கமும் சாய்வாகத் தேய்த்துக்கொண்டே போனால், இரண்டு சரிவுகளும் ஓரிடத்தில் சந்தித்துக் கூர் பிறக்கிறது. இந்தச் சரிவுக்கு பெவல் என்று பெயர். அது கைப்பிடி வரை ஓடுவதில்லை. கொஞ்சம் முன்னதாகவே நின்று, பட்டையின் முழுத் தடிமனும் அப்படியே இருக்கும் ஒரு சிறு பகுதியை விட்டுவைக்கிறது. ரிக்காசோ என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியும் சரிவும் பிரியும் எல்லைதான் பிளஞ்ச் லைன். ஆளுக்குக் கழுத்து எப்படியோ, கத்திக்கு இது அப்படி.

இந்தக் கோடு எதையும் வெட்டுவதில்லை. தக்காளியோ கயிறோ மான்தோலோ, கத்தியின் இந்தப் பகுதியைத் தொடாமலேயே அறுபட்டுவிடும். ஆனாலும் செய்தவரின் திறமையை எடைபோடும் தராசு முள் இங்கேதான் வந்து நிற்கிறது. இது நியாயமா என்றால், பாதிதான் நியாயம்.

முதலில் நியாயமான பாதி. இரண்டு அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட மணல்பட்டைதான் கைவினைக் கத்திக்காரர்களின் கிரைண்டரில் இன்று பரவலாக ஓடுவது. வேகத்தை முழுதாகத் திறந்துவிட்டால் அது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். 36 எண் சொரசொரப்பில் புதுப் பட்டையைப் போட்டால் எஃகைப் பலகைபோல் தின்னும். கத்தியின் ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது கோட்டை வெட்டுவது பட்டையின் வலது ஓரம், மறுபக்கத்தைத் தேய்க்கும்போது இடது ஓரம். உடம்பு நிற்கும் நிலையும் முழங்கை ஒட்டும் இடமும் மாறிவிடுகின்றன. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு ஒரு பக்கம் தாய்மொழி, மறுபக்கம் பாதி கற்ற மொழி.

தவறு நேர்ந்தபின் அதைத் திருத்தப் போவது அதைவிட ஆபத்து. இடப்பக்கக் கோடு அரை மில்லிமீட்டர் பின்னால் போய்விட்டது என்று செய்பவர் வலப்பக்கத்தையும் பின்னால் தள்ளுவார். அது கொஞ்சம் கூடுதலாகப் போய்விடும். மறுபடி இடப்பக்கம். பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான். கடைசியில் ரிக்காசோவே மிஞ்சாது. மற்ற இடங்களில் நேர்ந்த பிசகை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓரளவு மறைத்துவிடலாம். இந்த மூலையில் உப்புத்தாளைக் கொண்டுபோனால் கோடு கரைந்து, குளத்துப் படிக்கட்டு பாசி பிடித்ததுபோல் மழுங்கிவிடும். செய்தவரின் கை எங்கே தடுமாறியது என்பதை மறைக்க முடியாமல் காட்டும் சாட்சி என்ற அளவில், வாங்குபவர் அந்த இடத்தைப் பார்ப்பது சரியே.

வலிமையின் கணக்கும் ஒன்று உண்டு. தடித்த பகுதியும் மெலிந்த பகுதியும் சந்திக்கும் உள்மூலை கூர்மையாக இருந்தால், தகைவு முழுவதும் அங்கே குவியும். பழுக்கக் காய்ச்சிய கத்தியை எண்ணெயில் முக்கித் தோய்ச்சல் கொடுக்கும்போது விரிசல் விழ வாய்ப்புள்ள இடங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் அனுபவசாலிகள் மணல்பட்டையை அதன் பின்னால் இருக்கும் தட்டை இரும்பின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே தொங்கவிட்டுத் தேய்க்கிறார்கள். தொங்கும் ஓரம் வளைந்துகொடுப்பதால் மூலை மெல்லிய வளைவாக விழுகிறது. ஆனால் புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிவது உளியால் வெட்டியதுபோன்ற மூலைதான். சந்தை கேட்பதும் எஃகு கேட்பதும் இங்கே ஒன்றாக இல்லை.

கூர்தீட்டும்போது இந்தக் கோடு வேறு தொல்லையும் தருகிறது. சாணைக்கல் ரிக்காசோவில் முட்டிக்கொள்வதால், கோட்டை ஒட்டிய சில மில்லிமீட்டர் சரியாகத் தீட்டப்படாமலே நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் தீட்டத் தீட்ட மற்ற பகுதி தேய்ந்து உள்ளே போக, அந்த இடம் மட்டும் முண்டாகத் துருத்தி நிற்கும். இதற்காகவே பலர் அங்கே ஒரு சிறு பள்ளத்தை வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பள்ளத்தில் கயிற்றின் நார் போய் மாட்டிக்கொள்ளும் என்று குறைப்படுவோரும் உண்டு. ஜப்பானியச் சமையல் கத்தியான கியூட்டோவில் இந்த வம்பே கிடையாது. அதன் அலகு கைப்பிடியைவிடக் கீழே இறங்கி, குதியில் வெட்டென முடிந்துவிடுகிறது. சரிவு நின்றாக வேண்டிய கட்டாயம் இல்லை, கல்லும் முட்டுவதில்லை.

இனி நியாயமில்லாத பாதி. கத்தி நன்றாக வெட்டுகிறதா என்பதைத் தீர்மானிப்பது கூருக்குச் சற்று மேலே எஃகு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதுதான். கூர்தீட்டும் முன் அந்த இடம் அரை மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு மில்லிமீட்டர் இருந்தால் கேரட்டை வெட்டாது, பிளக்கும். அப்படிப்பட்ட கத்தியிலும் பிளஞ்ச் லைன் கண்ணாடி பிம்பம்போல் ஒத்திருக்கலாம். கோட்டைக் கெடுத்துக்கொள்ளும் பயத்தில் சரிவைத் தடிமனாகவே விட்டுவிடுவது புதியவர்களின் கைவேலையில் அடிக்கடி காணும் கோளாறு. கண்ணுக்குத் தெரியும் இடத்தைக் காப்பாற்ற, கைக்குத் தெரியும் இடத்தைப் பலிகொடுக்கிறார்கள்.

சரிவின் வடிவமும் இதைப்போலவே பின்னால் தள்ளப்பட்ட விஷயம். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் வேலைசெய்த பாப் லவ்லெஸ் (1929–2010) வேட்டைக் கத்திகளைச் சக்கரத்தில் குழிவாகத் தேய்த்துப் புகழ்பெற்றவர். 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் 20 மில்லிமீட்டர் உயரச் சரிவைத் தேய்த்தால், நடுவில் பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர் கூடுதலாகக் குழியும். இரு பக்கமும் சேர்த்து 0.8. தோலுரிக்கப் போகும் கத்திக்கு அது கொண்டாட்டம். கட்டையை வெட்டப் போனால் திண்டாட்டம். மேரிலாந்தின் பில் மோரன் (1925–2006) நேரெதிர்த் துருவம். அவர் விரும்பியது புடைத்த சரிவு. தளர்வாக ஓடும் பட்டையில் உருட்டி எடுக்கப்படும் அதில், கூருக்குப் பின்னால் எஃகு தாங்கிக்கொண்டு நிற்கும். இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்குக் கத்தியின் வேலையைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பிளஞ்ச் லைனைப் பார்த்து அறவே சொல்ல முடியாது.

1976இல் மோரன் முன்னின்று தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வில் இந்த இரண்டு பாதிகளும் தனித்தனியாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. ஜர்னிமேன் பட்டத்துக்கு வருபவர் முதலில் ஒரு கத்தியோடு மாஸ்டர் ஒருவரின் முன் நிற்க வேண்டும். தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டத்தை இரண்டு முறை வெட்டி முறிக்க வேண்டும். அதன்பிறகும் அதே கூரால் முடியை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை வைஸில் மாட்டி 90 பாகை வளைக்கிறார்கள். அது உடையக் கூடாது. இங்கே யாரும் கோட்டின் அழகைக் கேட்பதில்லை. கேட்பது பிறகு, ஐந்து முடித்த கத்திகளை நடுவர்களின் மேசையில் வைக்கும்போது. அங்கே யாரும் கயிறு அறுப்பதில்லை. வெட்டிக் காட்டிய கத்தி ஒன்று, அழகுக்காக மதிப்பெண் வாங்கும் கத்திகள் வேறு. தேர்வு முறையாக இது நேர்மையானதுதான். ஆனால் கண்காட்சி மேசைக்கு வந்து சேர்வது இரண்டாம் பாதியின் ரசனை மட்டுமே.

அந்த ரசனைதான் கையின் தடுமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஜிக்குகள் என்ற துணைக்கருவிகளுக்குச் சந்தையை உண்டாக்கியது. ரிக்காசோவின் இரு பக்கமும் இறுக்கும் ஃபைல் கைடு என்ற கருவி இரண்டு கோடுகளையும் ஒரே இடத்தில் நிறுத்திவிடும். அதன் கடினமான முகத்தில் பட்டை மோதி நிற்கும், தாண்டாது. இதைவிட எளிய ஏற்பாடும் உண்டு: பலகையில் படுக்கவைத்து இறுக்கிய கத்தி, கம்பியில் பொருத்திய அரம், அந்தக் கம்பி நுழைந்து ஓட ஒரு வளையம். கிரைண்டர் வாங்கக் காசில்லாதவர் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, வியர்வையை மட்டும் செலவழித்துச் சுத்தமான சரிவை எடுத்துவிடலாம். அரம் மெதுவாகத் தின்பதால் தவறும் மெதுவாகவே வளரும். இதைக் குறுக்குவழி என்று இளக்காரம் பேசுவோர் ஒரு வாரம் அரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஜிக்கின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. கூர் நேராக ஓடும் வரை அது தவறே செய்யாது. கத்தியின் வயிறு வளைந்து நுனியை நோக்கி ஏறத் தொடங்கியதும், ஜிக்குக்குத் தெரிந்த ஒரே கோணத்தில் சரிவு தன் போக்கில் போகும். வெறுங்கையால் தேய்ப்பவர் அந்த இடத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பி, நுனியை எவ்வளவு மெலிக்க வேண்டுமோ அவ்வளவே மெலிப்பார். ஜிக்கின் கோணத்தை அமைப்பதும் விளையாட்டல்ல. மூன்று மில்லிமீட்டர் பட்டையில் 25 மில்லிமீட்டர் உயரச் சரிவு வேண்டுமென்றால் பக்கத்துக்குச் சுமார் 3.4 பாகை. ஒரே ஒரு பாகை கூடிப்போனால் சரிவு 20 மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். கருவியை நம்பியவருக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஃபைல் கைடைப் போட்டுக் கோட்டை நிறுத்தி, சரிவை வெறுங்கையால் எடுத்து, கூரின் தடிமனை அளவுகோலால் அடிக்கடி பார்த்துக்கொள்ளும் கலப்பு வழியே இப்போதைக்கு அதிகம் தேறுகிறது. வெறுங்கை வீரம் பேசுவோருக்கு இது பிடிக்காது. வாங்குபவரின் கைக்குப் பிடிக்கும்.

அதே சொசைட்டியின் மாஸ்டர் தேர்வில் இன்னொரு சோதனை காத்திருக்கிறது: குறைந்தது 300 அடுக்குகள் கொண்ட டமாஸ்கஸ் எஃகில், குறுக்குக் காப்புள்ள ஒரு குவில்லன் குத்துவாள். அதற்கு இருபுறமும் கூர், ஆகவே நான்கு சரிவுகள், நான்கு பிளஞ்ச் லைன்கள். ஒரு சரிவு கொஞ்சம் ஆழமானாலும் நடுமுகடு ஒதுங்கிவிடும். கடைசியில் அமிலத்தில் போட்டு அடுக்குகளை வெளிக்கொண்டு வரும்போது, எந்தச் சரிவில் எத்தனை அடுக்கு வெட்டுப்பட்டது என்பது வரைபடத்தின் சமவுயரக் கோடுகள்போல அலகு முழுவதும் எழும்பி நிற்கும். அந்த வாளை எடுத்துப் பார்க்கும் நடுவரின் கண் கழுத்தோடு நிற்பதில்லை. நுனி வரைக்கும் போகிறது.