கையை அல்ல, கணக்கைப் பாருங்கள்

பழைய பேஸ்பாலைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே பாட்டுதான்: அந்தக் காலத்துப் பிட்சர்களுக்கு இரும்புக் கை. 1920 மே 1 அன்று பாஸ்டனில் இரண்டு பிட்சர்களும் மாற்று ஆளே இல்லாமல் 26 இன்னிங்ஸ் வீசி, கடைசியில் இருட்டிவிட்டதால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினாரே, அதைச் சாட்சிக்கு இழுப்பார்கள். இந்தப் பாராட்டு எனக்குப் பிடிப்பதே இல்லை. அன்று நின்று விளையாடியது தசை அல்ல, கணக்கு.

உள்ளூர் அணியின் பிட்சரை மட்டும் கவனியுங்கள். அவர் எடுத்த 78 அவுட்டில் ஸ்ட்ரைக் அவுட் ஏழே ஏழு. மற்றவற்றில் பெரும்பாலானவை பேட்டர் அடித்த பந்தை ஃபீல்டர்கள் பிடித்தோ எறிந்தோ எடுத்தவை. ஆட்டம் மொத்தமும் 3 மணி 50 நிமிடத்தில் முடிந்துவிட்டது. இன்று ஒன்பது இன்னிங்ஸே இரண்டரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. பேட்டரைத் திணறடிக்க நினைத்தவர் இவ்வளவு சீக்கிரம் வீசி முடிக்க முடியாது. 'அடி, அடித்துக்கொள்' என்று பந்தைக் கொடுத்திருக்கிறார்.

யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது? அந்தத் தலைமுறைப் பிட்சரின் முழுத் திறமையும் இந்த ஒரு முடிவில்தான் இருந்தது. பேஸ்கள் காலியாக இருந்தால் முக்கால் பலம் போதும். ரன்னர் இரண்டாம் பேஸைத் தொட்டபின்தான் உண்மையான வேகம் வெளியே வரும். அதற்கு மைதானமும் துணை நின்றது. 1915-இல் திறந்த அந்த பாஸ்டன் மைதானத்தில் இடதுபக்க வேலியைத் தாண்டி முதல் ஹோம் ரன் பறந்தது 1925-இல்தான். அழுக்கேறி மென்மையான ஒரே பந்தைப் பல இன்னிங்ஸ் வீசுவதும் அன்று வழக்கம்.

17-வது இன்னிங்ஸைப் பாருங்கள். மூன்று பேஸிலும் ஆள், ஒரே அவுட். அடித்த பந்து தரையில் உருண்டு நேரே பிட்சரிடமே வந்தது. அவர் ஹோமுக்கு எறிந்தார், ஒருவர் அவுட். கேட்சர் முதல் பேஸுக்கு எறிந்த பந்து அங்கே நழுவியது. அதைப் பார்த்து இரண்டாவது ரன்னரும் ஹோமுக்கு ஓடிவர, கேட்சர் குறுக்கே பாய்ந்து தொட்டு வீழ்த்தினார். எல்லோரும் அந்தப் பாய்ச்சலைப் பேசுகிறார்கள். எனக்கு முக்கியம் அதற்கு முந்தைய பந்து. அந்தச் சூழ்நிலையில் பிட்சருக்கு வேண்டியது உருளும் பந்து. அதை அவர் வாங்கிவிட்டார். பதினாறு இன்னிங்ஸுக்குப் பிறகும் தாழ்வாக, சொன்ன இடத்தில் வீசும் கை அவரிடம் மிச்சமிருந்தது. மிச்சம் வைத்ததால்தான் இருந்தது.

இன்றைய ரசிகரின் மறுப்பு எனக்குத் தெரியும். ஒன்பது பேரில் எவர் வேண்டுமானாலும் வேலியைத் தாண்டி அடிக்கும் காலத்தில் யாரிடம் பலத்தைச் சேமிப்பது? நியாயமான கேள்விதான். பிட்சருக்குப் பதில் பேட் செய்யத் தனி ஆளும் வந்துவிட்டதால், மூச்சுவிட இருந்த அந்த ஒரு இடமும் போயிற்று. ஆனால் மாற்றுவழி என்ன ஆயிற்று? முதல் பந்திலிருந்தே முழு வேகம், ஐந்தாவது இன்னிங்ஸில் வெளியேற்றம், அடுத்த ஆண்டு முழங்கையில் அறுவைச் சிகிச்சை. இதைத் தந்திரம் என்று நான் ஏற்கமாட்டேன்.

26 இன்னிங்ஸ் இனி வராது. பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் இலவசமாக ஆளை நிறுத்தும் விதி இருக்கும்வரை இருபதுகூட வராது. அந்த விதியை நான் வெறுக்கிறேன். ஆனால் சேமித்து வீசும் பிட்சர் திரும்புவார். அணிக்கு 13 பிட்சர்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. அது இன்னும் இறுகும் என்பது என் கணிப்பு. 11-க்கு இறங்கினால், ஏழு இன்னிங்ஸ் தாங்குபவரை அணிகள் விலை பேசித் தேடும். அவர் வேகமானியில் யாரையும் மிரட்டமாட்டார். தேர்வாளர்கள் இளவயதிலேயே தள்ளிவிட்ட ஒருவராகத்தான் இருப்பார். ரன்னர் இரண்டாம் பேஸுக்கு வந்ததும் அவர் பந்து எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்குள் ஒரு சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்தை அவரே தொடங்கி அவரே முடிப்பார்.