சொல்லில் பிறக்கும் முகம்

அல்சூர் ஏரிக்கரையில் உள்ள திருவள்ளுவர் சிலையை அறியாத பெங்களூர்த் தமிழர் இலர். 1991 முதல் மூடிக் கிடந்து, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறந்து வைக்கப்பெற்ற சிலை அது. அதனைக் காணும் சிறுவனும் ‘வள்ளுவர்’ என்று உடனே சொல்லிவிடுகிறான். ஆயினும் வள்ளுவரின் முகத்தைக் கண்டு வரைந்து வைத்தவர் எவரும் இல்லை. நாடறிந்த திருவுருவம் ஓவியர் வேணுகோபால் சர்மா தீட்டியது. 1964இல் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. குறளை இயற்றியவர் எவ்வாறு இருந்திருப்பார் என்று எண்ணிய உள்ளத்தில் பிறந்த முகம் அது. சொல்லே அதற்குத் தாய்.

அனிமேஷன் படங்களையும் கணினி விளையாட்டுகளையும் ஆக்குவோர் இக்கலையைப் பாத்திர உருவமைப்பு என்ற பொருளில் வழங்குவர். படம் அசையத் தொடங்குமுன் பாத்திரத்தின் உடல், உடை, நடை, முகக்குறி யாவற்றையும் ஓவியர் வரைந்து முடிவு செய்கிறார். முன்புறம், பக்கம், பின்புறம் என ஒரே தாளில் அவ்வுருவம் அமைகிறது. பலர் அதனைப் பார்த்து வரைந்தாலும் ஆள் மாறலாகாது. இதற்கு ஒரு சோதனையும் உண்டு. உருவம் முழுவதையும் கருமையால் நிரப்பிவிட வேண்டும். அந்நிழலைக் கண்ட அளவில் இன்னார் என்று சொல்ல இயலுமாயின் அமைப்பு வென்றது.

இச்சோதனையை எனக்குக் கற்பித்தவள் என் மகள். பெங்களூரில் இத்தொழில் வளர்ந்து, 2012இல் கருநாடக அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. எனினும் அவள் இப்படிப்பை விரும்பியபோது, ‘படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?’ என்று கேட்ட தந்தையருள் யானும் ஒருவன். ஒரு நாள் மணியம் அவர்களின் ‘பொன்னியின் செல்வன்’ ஓவியங்களை அவள் முன் வைத்தேன். சிலவற்றைப் படியெடுத்துக் கருமை தீட்டினாள். ஆழ்வார்க்கடியான் நம்பி அக்கணமே தெரிந்தான். குட்டையான உறுதி வாய்ந்த உடல், முன்குடுமி, கைத்தடி ஆகிய மூன்றும் நிழலிலும் மறையவில்லை. நந்தினியை அவளது ஆண்டாள் கொண்டை காட்டிக் கொடுத்தது.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் அக்கதை தொடராக வந்தபோது, எழுத்தும் கோடும் வாரந்தோறும் உடன்பிறந்தாராய் வந்தன. பின்னாளில் வினு, பத்மவாசன் முதலியோர் அதே பாத்திரங்களை வரைந்தபோதும், மணியத்தின் நினைவு வாசகர் மனத்தை விட்டு அகலவில்லை. தமிழில் பாத்திர உருவமைப்புக்கு அவரே முன்னோடி என்பது மிகையன்று.

குறை இல்லையா எனின், உண்டு. குந்தவை, வானதி, நந்தினி ஆகியோரின் கண்ணும் மூக்கும் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. கொண்டையையும் அணியையும் நீக்கினால் அவர்களைப் பிரித்தறிவது அரிது. நந்தினியும் ஊமை ராணியும் உருவில் ஒத்திருப்பது கதையின் முக்கிய முடிச்சு. பெண்கள் யாவரும் ஒத்திருப்பின், இவ்விருவரின் ஒற்றுமைக்குச் சிறப்பு ஏது? அழகு என்ற ஒரே அச்சு, பாத்திர வேற்றுமையை விழுங்கிவிட்டது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2014இல் ‘கோச்சடையான்’ வந்தது. நடிகரின் அசைவைக் கருவிகளால் பதிந்து கணினி உருவில் ஏற்றும் முறையில் அமைந்த படம். முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் அங்கே பாத்திரத்துக்கென ஒரு முகம் சிந்திக்கப்பெறவில்லை. புகழ்பெற்ற நடிகரின் முகமே பாத்திரமாயிற்று. சாயல் கிடைத்தது, உயிர்ப்பு முழுமை பெறவில்லை. கருவி வளர்ந்தும் கற்பனை பின்தங்கியது என்பதே என் கருத்து.

இங்கேதான் நம் குடும்பங்களை நோக்கிய வினா எழுகிறது. நம் பிள்ளைகளிடம் கைத்திறன் உண்டு. ஆனால் கன்னடமும் ஆங்கிலமும் பயின்ற அவர்களுள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என் மகளும் அத்தகையவளே. முதலில் அவள் வரைந்த வந்தியத்தேவன், 2022இல் வந்த திரைப்படத்தின் நடிகரையே ஒத்திருந்தான். அவள் மீது குற்றமில்லை. மூலத்தின் வாயில் அடைபட்டவள், பிறர் கண்ட முகத்தைத்தானே காண்பாள்?

அன்று முதல் இரவு உணவுக்குப் பின் நாள்தோறும் சில பக்கங்கள் வாசித்துக் காட்டினேன். கோடிக்கரைப் பூங்குழலியிடம் வந்தபோது அவள் என்னை நிறுத்தினாள். “அப்பா, தனியாகக் கடலில் படகு ஓட்டுகிறவளுக்குத் தோள் இவ்வளவு மெலிதாகவா இருக்கும்?” என்றாள். மறுநாள் அவள் காட்டிய பூங்குழலிக்குத் துடுப்புப் பிடித்த தோள் இருந்தது. உப்புக்காற்றில் கலைந்த கூந்தல் இருந்தது. வெயிலுக்குச் சுருங்கிய கண் இருந்தது. மணியத்தின் கைவன்மை அதில் இல்லை. ஆனால் அது எவரையும் பார்த்து எழுதிய முகமன்று.

பெற்றோர்களே, தூரிகையை எடுத்த பிள்ளையைத் தடுக்க வேண்டா. அப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வரவில்லையெனில், நாம் வாசித்துக் காட்டுவோம். என் வீட்டில் இன்னும் மூன்று பாகங்கள் மீதம் உள்ளன.