ஏழாவது மோடின் நடை

பிபிசி மைக்ரோ கணினியின் ஏழாவது திரை மோடை நல்ல திரையில் பார்க்காதவர்களிடம் அந்த எழுத்துகளின் வளைவைப் பற்றி என்ன சொன்னாலும் மிகையாகத்தான் படும். 'எஸ்' ஒன்று போதும். எஸ்ஏஏ5050 சில்லு, தன்னிடமுள்ள 5-க்கு 9 புள்ளி வடிவத்தை இரட்டிப்பாக்கி, சாய்கோடுகளின் இடுக்கில் அரைப்புள்ளிகளைச் செருகி வளைத்தெடுக்கும் அழகு அது.

அந்தப் படத்தை இன்றைய திரைகளுக்கு மாற்றும் மலிவான கன்வெர்ட்டர்கள் முதலில் கெடுப்பது இதைத்தான். கெடுக்காதது, என் அனுபவத்தில், ஆர்ஜிபி-டூ-ஹெச்டிஎம்ஐ என்ற கருவி. ஒரு சிறு சிபிஎல்டி (நிரல்படுத்தக்கூடிய தர்க்கச் சில்லு), ஒரு ராஸ்ப்பெர்ரி பை ஜீரோ, அவ்வளவே. மற்ற மோடுகளில் வேலை எளிது. 16 மெகாஹெர்ட்ஸில் எண்ணிக்கொண்டு போனால் பிக்சல் தவறாது. எட்டே நிறம், எல்லாம் டிஜிட்டல், ஊகத்துக்கே இடமில்லை. ஏழாவது மோடு அப்படியல்ல. எஸ்ஏஏ5050-க்கு வேண்டிய 6 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை, மைக்ரோவைத் தயாரித்த ஏக்கார்ன் நிறுவனப் பொறியாளர்கள் அதே 16-இலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். 16, 6-ஆல் மீதியின்றி வகுபடாதே! புள்ளிகள் ஒரே அகலத்தில் வருவதில்லை. கருவியை உருவாக்கிய டேவிட் பேங்க்ஸும் உடன் உழைத்தவர்களும் இதற்காக ஒரு தாமத அளவுக்குப் பதில் ஆறு வைத்தார்கள். ஆறையும் தனித்தனியே அளந்து பொருத்தலாம். எந்தப் புள்ளி பிந்துமோ அதற்குக் கருவி காத்திருந்து எடுக்கும். பாடகர் எங்கே இழுப்பார் என்று தெரிந்து வில்லைப் பிடித்துவைக்கும் வயலின்காரரின் வேலை இது.

ஓஎஸ்எஸ்சி என்ற பொதுப்பயன் கன்வெர்ட்டரின் அன்பர்களை நான் மறுக்கவில்லை. பத்து விதக் கருவிகளை ஒரே திரையில் பார்ப்பவர்களுக்கு அது சரி. மைக்ரோ ஒன்றே போதுமென்பவருக்கு அது பொதுமருந்து. குழாய் டிவியே அசல் என்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு வந்த மைக்ரோவை ஆன்டெனா வழியே டிவியில் செருகியிருந்தார்கள். எட்டுக்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த 'எஸ்' எப்படியிருக்கும் என்று நான் கண்டது முப்பது வருடம் கழித்து.

இப்போது கண்காட்சிகளில் 4:3 படத்தை அகலத்திரை முழுக்க இழுத்துவிடுகிறார்கள். வட்டம் முட்டையாகிறது, யாரும் கேட்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் படத்தை 60-இல் ஓட்டி, உருளும் எழுத்து திக்குவதையும் சகித்துக்கொள்கிறார்கள். ஆர்ஜிபி-டூ-ஹெச்டிஎம்ஐ மைக்ரோவின் துடிப்போடு பூட்டிக்கொண்டுதான் படம் அனுப்பும். திரையும் ஒத்துழைக்க வேண்டும். மானிட்டர் வாங்கும் முன் 50 ஹெர்ட்ஸ் ஏற்குமா என்று கேட்டு, கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.