மிதிதோலும் மெழுகுக் கருவும்: வார்ப்புத் தொழிற் சொற்கள் பற்றிய சில சிந்தனைகள்

கலைச்சொல்லாக்கம் பற்றி நம்மிடையே நிகழ்ந்துவரும் விவாதங்கள் பெரும்பாலும் இரு முனைகளிலேயே நின்றுவிடுகின்றன. தூய தமிழ்ச் சொல் வேண்டும் என்பார் ஒருபுறம். வழக்கிலுள்ள பிறமொழிச் சொல்லை ஏற்றலே எளிது என்பார் மறுபுறம். இரு சாராரும் சொல்லின் பிறப்பிடத்தையே ஆராய்கின்றனர். அச்சொல்லை யார், எந்த வேலையின்போது, யாருக்குக் கீழ் நின்று சொல்கிறார் என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. உலோக வார்ப்பு, உருக்கு உற்பத்தி ஆகிய தொழில்களின் சொற்களை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவன் ஒருவனுக்கு உலைக்களத்தில் என்ன வேலை எனக் கேட்கப்படலாம். நமது பழைய இலக்கியமே அதற்கு விடை தருகின்றது.

குறுந்தொகையின் 172ஆம் பாடலில், கச்சிப்பேட்டு நன்னாகையார், பிரிவால் வருந்தும் தலைவியின் நெஞ்சுக்கு உலைத்துருத்தியை உவமையாக்குகின்றார். அது ஏதோ ஓர் உலையின் துருத்தியன்று. ஏழு ஊர்களின் பொதுவேலைக்கென ஓரூரில் அமைந்த உலையின் துருத்தி. ஏழு ஊரவரின் கொழுவும் கத்தியும் அங்கு வந்து குவிகின்றன. மிதிப்பவனுக்கு ஓய்வில்லை, துருத்திக்கும் ஓய்வில்லை. உவமையின் உணர்ச்சி வலிமை முழுவதும் இந்த உற்பத்தி உறவிலிருந்தே பிறக்கின்றது. ஓரூருக்கு ஓர் உலை என்றிருந்தால் உவமை தளர்ந்துவிடும். 'மிதிதோல்' என்ற சொல்லையும் நோக்குக. காலால் மிதிக்கப்படும் தோல் எனக் கருவியின் பொருளையும் அதனை இயக்கும் உடலுறுப்பையும் ஒருங்கே கூறும் தொழிற்சொல் அது. அகராதி எழுதுவோன் அறையிலிருந்து ஆக்கிய சொல்லன்று.

அதே தொகையின் 155ஆம் பாடல் மேலும் நுட்பமானது. உரோடகத்துக் கந்தரத்தனார் பாடிய அப்பாடலில், தலைவன் திரும்பிவரும் பருவம் வந்துவிட்டது. தேர் வருகிறதென்ற செய்திதான் வரவில்லை. காட்டுவழியே ஒலிக்க வேண்டிய தேர்மணியைத் தலைவி நினைக்கிறாள். அம்மணி மெழுகைக் கொண்டு, ஊதுலையில் உருக்கிப் பெய்து ஆக்கப்பட்டது என்பதையும் பாடல் கூறுகின்றது. மெழுகினாற் கரு அமைத்து, அதன்மேல் மண் பூசி, சூட்டினால் மெழுகை வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையையே இது சுட்டுவதாகப் பொருள்கொள்ளப்படுகின்றது. சுவாமிமலைச் சிற்பியர் இன்றும் கையாளும் முறையும் இதுவே. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவஞ் செய்து, காவிரி வண்டலைப் பூசி வார்க்கும் அம்மரபின் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் இப்பாடலும் ஒன்று. இன்னும் காதில் விழாத மணியைப் பற்றி ஏங்கும் பெண்ணின் கூற்றில் அம்மணி செய்யப்பட்ட முறை இடம்பெறுகிறது என்றால், அச்செய்முறை கேட்போர் அறிந்த பொது அறிவாக இருந்திருத்தல் வேண்டும். விளக்கம் வேண்டாத தொழிற்சொல்லே கவிதைச் சொல்லாக முடியும்.

இந்நிலை நீடிக்கவில்லை. பிற்காலத்துப் பக்தி இலக்கியத்தை நோக்குமிடத்து, உலைக்களத்துச் சொற்கள் மறைந்துவிடவில்லை; பொருள் மாறி உள்ளத்துள் புகுந்துவிட்டன என்பது புலனாகும். உருகுதல், உருக்குதல், மாசு நீக்குதல், புடமிடுதல் யாவும் ஆன்மாவுக்கு நேர்வனவாகின்றன. தீயிற்பட்ட மெழுகு பக்தனின் நெஞ்சாகின்றது. குறுந்தொகையின் மெழுகு உருகிப்போய் ஒரு மணியை விட்டுச்செல்கின்றது. பக்திக் கவிதையின் மெழுகு உருகி அடியவனின் நெகிழ்ச்சியை மட்டுமே விட்டுச்செல்கின்றது. பக்திக் கவிதையின் உணர்ச்சி வளத்தைக் குறைத்து மதிப்பிடுவது இதன் பொருளன்று. அவ்வளம் எந்த உழைப்பின் சொற்களைக் கடனாகப் பெற்றது, பெற்றபின் அவ்வுழைப்பை எவ்வாறு மறந்தது என்பதே வினா. இன்று 'உருக்கம்' என்ற சொல்லைக் கேட்கும் தமிழருள் உலையை நினைப்போர் எத்தனைபேர்?

மறதிக்குச் சமூகக் காரணம் உண்டு. சோழர் காலச் செப்புத் திருமேனிகளை உலகம் வியக்கின்றது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள் திருமேனிகளின் உயரத்தை முழமும் விரலுமாகக் கணக்கிட்டுக் கூறுகின்றன. அவற்றை அளித்தோரின் பெயர்களைப் பேணுகின்றன. வார்த்தவன் பெயர் அவ்வாறு பேணப்படவில்லை. உற்பத்தி செய்வோனுக்கும் உற்பத்திப் பொருளுக்குமிடையே விழுந்த இவ்விரிசல் மொழியிலும் விழுந்தது. கொல்லரும் கன்னாரும் தட்டாரும் தத்தம் சாதி வரம்புக்குள் ஒடுக்கப்பட்டபோது அவர்தம் சொற்களும் அவ்வரம்புக்குள் ஒடுங்கின. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிலும் கைத்தொழில்கள் 'மறைபொருள்கள்' என்றே அழைக்கப்பட்டன என்றும், நவீன இயந்திரத்தொழிலே அத்திரையைக் கிழித்தது என்றும் மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் சுட்டிக்காட்டுவார். நம் நாட்டில் அத்திரை உள்ளிருந்து கிழியுமுன்னரே குடியேற்றவாதம் உலையை அணைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தட்டாதெரு, கன்னாதிட்டி, கொல்லங்கலட்டி என இடப்பெயர்கள் எஞ்சியுள்ளன. பெயர் எஞ்சிய அளவுக்குத் தொழிலறிவு எஞ்சவில்லை.

அணைக்கப்பட்ட உலை எத்தகையது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடி, நெடுநேரம் சூடேற்றி உருக்குச் செய்யும் முறை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கியது. கொடுமணல் அகழாய்வும் மேல்சிறுவலூர்க் கள ஆய்வும் தமிழகச் சான்றுகளைத் தந்துள்ளன. இலங்கையில் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையாலேயே இயங்கிய பழைய இரும்புலைகளை ஆய்ந்த கில் ஜுலெஃப், தமது முடிவுகளை 1996இல் வெளியிட்டார். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், அருகிவந்த இரும்பு, உருக்குச் செய்முறைகளைப் பதிவுசெய்தார். 1795இல் ஜோர்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் இந்திய உருக்கை ஆராய்ந்தார். பின்னர் மைக்கேல் பரடேயும் அதன்மீது சோதனைகள் நடத்தினார். அவர்கள் அதனை 'வூட்ஸ்' என்றனர். கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள 'உக்கு' என்பதன் திரிபே அது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தமிழ் 'உருக்கு' என்பதோடு அதனை இணைத்துக் காண்போரும் உளர். பொருளும் அறிவும் கப்பலேறின. அவற்றோடு சென்ற சொல், சொன்னவன் அடையாளங்காண முடியாதவாறு சிதைந்தது. பரங்கிப்பேட்டையில் 1830 அளவில் இரும்பாலை தொடங்கிய ஹீத், 1839இல் இங்கிலாந்தில் உருக்குச் செய்முறைக்கு உரிமம் பெற்றார். சேலத்துக் கொல்லனுக்கு உரிமம் வழங்குவதற்கு அலுவலகம் எதுவும் இருக்கவில்லை.

இனித் தற்காலத்துக்கு வருவோம். ஒரே பொருளுக்குத் தமிழகப் பாடநூல்கள் 'எஃகு' என்பதைப் பெரிதும் ஆள்கின்றன; இலங்கைத் தமிழில் 'உருக்கு' நிலைபெற்றுள்ளது. சோவியத் உதவியுடன் 1960களில் ஒறுவலையில் அமைந்த அரசு நிறுவனம் இலங்கை உருக்குக் கூட்டுத்தாபனம் என்றே தமிழில் வழங்கிற்று. தமிழகத்திலும் சேலத்து ஆலை 'உருக்காலை'தான். எஃகு என்பது பழைய இலக்கியத்தில் பெரிதும் வேலையும் பிற படைக்கலங்களையும் குறித்தது. பொருள் ஈட்டலை வற்புறுத்தும் குறளிலும் படைக்கலம் என்ற பொருளிலேயே வருகின்றது. அது முடிந்த பொருளைக் கையில் ஏந்துவோனின் நோக்கில் அமைந்த சொல். உருக்கு என்பதோ உருக்கும் வினையிலிருந்து எழுந்தது. செய்வோனின் நோக்கு அதில் உறைந்துள்ளது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு வர்க்கத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம் என நான் கூறவில்லை. அத்தகைய இயந்திரப் பாங்கான முடிவை மார்க்சியம் ஏற்பதில்லை. ஆயினும் இரு சொற்களுள் ஒன்றைத் தெரியும்போது, பழமை ஒன்றே அளவுகோலாகக் கொள்ளப்பட்டால், படைக்கலம் ஏந்தியவனின் சொல்லே வெல்லும். வினையடியாகப் பிறந்த 'வார்ப்பிரும்பு' போன்ற சொற்கள் எளிதில் வேரூன்றியமை தற்செயலன்று.

1930களில் சென்னையில் எழுந்த சொல்லாக்க முயற்சியில் விபுலாநந்த அடிகள் முன்னின்று உழைத்தார். 1938இல் 'கலைச்சொற்கள்' நூல் வெளிவந்தது. இலங்கையில் தாய்மொழிக் கல்வி வந்ததும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இம்முயற்சிகளின்றி எம்மவர் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்றிருக்க முடியாது. இச்சாதனையை மறுப்பது நன்றிகேடாகும். எனினும் இவை பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் ஆங்கில நூலொன்றைத் தமிழாக்கும் தேவையிலிருந்து எழுந்தவை. பட்டறையில் மூசை, குறடு, கிட்டம், கரு என்ற சொற்கள் வழங்குகின்றனவா என்று கேட்டு எழுந்தவையல்ல. வார்ப்பச்சைக் குறிக்கும் 'கரு' இத்தகையது. தாயின் வயிற்றுக் கருவுக்கும் உலோகம் வந்து நிறையும் வெற்றிடத்துக்கும் ஒரே சொல்லைத் தந்த உழைப்பாளியின் அறிவுக்கு எந்தச் சொல்லாக்கக் குழுவின் அறிவும் தாழ்ந்ததே.

மறுபுறம், இன்றைய வார்ப்பகத் தொழிலாளியின் வாயில் 'மோல்ட்', 'கோர்', 'றைசர்', 'லேடில்' என்பனவே பயில்கின்றன. மக்கள் வழக்கு ஆதலால் இவையே போதும் என்பது ஒருவகை வெகுசனவாதமாகும். இவை தொழிலாளி தெரிந்தெடுத்த சொற்களல்ல. ஆங்கிலம் அறிந்த மேற்பார்வையாளனின் கட்டளை வழியே அவனை வந்தடைந்தவை. மோல்ட் என்பதைச் சொல்பவனுக்கு அதன் பொருள் தெரியும். ஆனால் அச்சொல்லிலிருந்து புதியதொரு சொல்லைப் பிறப்பிக்கும் உரிமை அவனிடம் இல்லை. தமிழின் 'வார்' அவனிடம் இருந்தால் வார்ப்பு, வார்ப்போன், வார்வாய் என அவனே பெருக்குவான். கோயம்புத்தூர் வார்ப்பகங்களில் இன்று வட மாநிலத் தொழிலாளரும் பெருந்தொகையினராய் உழைக்கின்றனர். அங்கு தொழிலாளர் தமக்குள் பேசவேண்டிய மொழிப் பிரச்சினை மேலும் சிக்கலாகியுள்ளது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. உருகிய உருக்கின் வெப்பம் 1500 பாகை செல்சியஸைத் தாண்டும். கருவிலோ அகப்பையிலோ சிறிது ஈரம் தங்கியிருப்பின், நீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிகின்றது; உலோகம் வெடித்துச் சிதறி நிற்பவன்மேல் வீழ்கின்றது. 'அச்சின் ஈரப்பதன் உறுதிசெய்யப்படல் வேண்டும்' என்று சுவரில் எழுதிவைத்தால், எழுதியவனின் கடமை தீர்ந்துவிடும். வார்ப்பவனின் கால் தப்பாது. 'கரு நன்றாகக் காயாமல் வார்க்காதே' என்பதில் அவனுக்குத் தெரியாத சொல் எதுவுமில்லை. மொழி அந்நியமாதலின் விலையை இங்கு தோலும் சதையுமே செலுத்துகின்றன.

மொழிக்குறி வர்க்க நலன்கள் மோதும் களம் என்று வொலொஷினொவ் 1929இல் எழுதினார். கலைச்சொல்லும் அத்தகைய களமே. ஆதலின் சொல்லாக்கக் குழுவில் மொழியறிஞனும் பொறியியலாளனும் அமர்ந்தால் மட்டும் போதாது. வார்ப்போனும் அமர்தல் வேண்டும். எஞ்சியுள்ள கொல்லர், கன்னார், சிற்பியரின் தொழில்வழக்குகளைக் களத்திற் சென்று திரட்டுதல் நமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் உடனடிப் பணியாகும். முதியோர் மறையுந்தோறும் சொல்லும் மறைகின்றது. நமது படைப்பிலக்கியக்காரருக்கும் இதில் பங்குண்டு. தோட்டத் தொழிலாளியையும் மீனவனையும் அவர்தம் சொற்களோடு இலக்கியத்துள் கொணர்ந்த முற்போக்கு எழுத்து, உலைமுன் நிற்பவனை அத்துணை நெருங்கியதில்லை. தொழிலாளியின் துயரத்தை எழுதுவது எளிது. அவனுடைய திறமையை எழுதுவதற்கு அவனுடைய சொற்கள் தெரிந்திருத்தல் வேண்டும். ஏழு ஊருக்குப் பொதுவான ஓர் உலையின் துருத்தியை நன்னாகையார் அறிந்திருந்தார். அவ்வறிவை மீட்டெடுப்பது பழம்பெருமை பேசுவதாகாது. இன்றைய உழைப்புக்கும் இன்றைய மொழிக்கும் இடையே அறுந்த தொடர்பை மீண்டும் பொருத்துவதாகும்.