கல்வமும் சொல்லும்

தூள் மருந்து கலப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வீரியமான மருந்து ஒரு சிட்டிகைதான் இருக்கும். அதோடு சேரும் பால்சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. இரண்டையும் ஒரேயடியாகக் கொட்டிக் கிளறினால் ஒரு பொட்டலத்தில் மருந்து மிஞ்சும், இன்னொன்றில் வெறும் சர்க்கரைதான் இருக்கும். அதனால் அப்பா பீங்கான் கல்வத்தில் முதலில் மருந்தை இடுவார். அதே அளவு சர்க்கரை சேர்த்து அரைப்பார். பிறகு கல்வத்தில் இருப்பதற்குச் சமமாக இன்னொரு பங்கு; அது கலந்ததும் மறுபடி அதற்குச் சமமாக. வாசலில் எத்தனை பேர் நின்றாலும் இந்த வரிசை மாறாது. அரைத்த தூளைப் பங்கிட்டு, காகிதத்தில் வைத்து, விளிம்பு மடித்துச் செருகினால் பொட்டலம் கீழே விழுந்தாலும் பிரியாது.

அரியலூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகக் கைபழகி, பிறகு டி.பார்ம். முடித்து, பெரம்பலூரில் மருந்துக்கடை வைத்தவர் அப்பா. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது; தனி மாவட்டமானது 1995இல்தான். பெரிய வைத்தியம் என்றால் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. ஏறுவதா வேண்டாமா என்று கேட்க வந்த இடம் மருந்துக்கடை.

மிக்சர் பாட்டிலிலும் அவர் கைவண்ணம் தெரியும். காகிதத்தை மடித்து ஓரத்தில் வெட்டி, வேளைக்கு ஒரு பல்லாக அளவுச் சீட்டு செய்து, பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவார். எழுத்துத் தெரியாதவர்கூட எதுவரை குடிப்பது என்று பார்த்துக்கொள்ளலாம். கேயோலின் கலந்த மருந்தென்றால் தூள் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் குடித்தால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் மருந்தும்தான் வயிற்றுக்குப் போகும். ஆகவே குலுக்கிக் காட்டிவிட்டுத்தான் பாட்டிலைக் கையில் கொடுப்பார்.

கம்பெனி மாத்திரைகள் அட்டை அட்டையாக வந்தபின் கல்வத்துக்கு வேலை குறைந்தது. கலை குறையவில்லை, கையிலிருந்து வாய்க்கு இடம் மாறியது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த, தூசி பறக்கும் பூமி; இருமலுக்குக் குறைவில்லை. இருமலுக்கு சிரப் கேட்டு வருகிறவரிடம் எத்தனை நாளாய் என்று கேட்பார். இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சிரப்பை எடுக்கமாட்டார். காசநோயாக இருக்குமோ என்று, சளிப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். வியாபாரம் போகிறதே என்ற கணக்கு அவரிடம் இருந்ததில்லை.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் அதேபோலக் குணமாகும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. ஆனால் வீட்டில் பக்கத்தில் நின்று பார்க்க நர்ஸ் கிடையாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவந்து போகும். ரத்தமென்று பயந்து பாதியில் விடுகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிவந்து காட்டுகிறவர்களிடம் அப்பா முந்திக்கொண்டு சொல்வார்: “ஒண்ணுக்கு செவப்பாப் போவும் ஐயா. ரத்தமில்ல, மாத்திரையோட சாயம். பயந்து நிறுத்திப்புடாதீங்க. ஆறு மாசமும் முழுங்கணும்.” இந்த நாலு வாக்கியம் மாத்திரைக்குச் சமமான மருந்து என்பேன்.

குழந்தைகளின் ஆன்டிபயாட்டிக் பொடியில் ஆறிய வெந்நீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கோடுவரை நிரப்புவார். நுரையை அளவென்று நம்பினால் மருந்தின் வீரியம் மாறிவிடும். அந்தக் காத்திருப்பை நான் கச்சேரி கேட்பதுபோல ரசித்திருக்கிறேன். வீட்டிலும் அதே நிதானம்தான். எங்கள் காய்ச்சலுக்கும் அவர் அவசரப்பட்டு மாத்திரை கொடுத்ததில்லை.

1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், டாக்டரின் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கும் பொறுப்பைப் பதிவுபெற்ற மருந்தாளுநரிடம் ஒப்படைத்தது. அந்தப் பொறுப்பின் பெரும்பகுதி, கொடுத்த பிறகு சொல்வதில் இருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போனால் மாத்திரையை வாங்கிக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள். எப்படிச் சாப்பிடுவது, எதோடு சேரக்கூடாது, எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். அதைச் சொல்வதற்காகத்தான் மருந்தாளுநர் படித்திருக்கிறார்.